ஏழு வயது மகனுக்குக் கமரா வாங்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனது மகனுக்கு ஏழு வயது, தரம் 2இல் படிக்கிறான். விசுவமடுவுக்கு அண்மையில் இருக்கிறோம். சில மாதங்களாக என் கைத்தொலைபேசியை எடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடிக்கிறான். கோழியின் கால், கிணற்றுக் கப்பி, அப்பப்பாவின் செருப்பு, சுவரில் விழும் நிழல் என்று ஒரே பொருளை இருபது முப்பது தடவை எடுத்து வைத்திருக்கிறான். தொலைபேசியில் இடமே இல்லை. கனடாவில் இருக்கும் என் தம்பி, மருமகனுக்கு நல்ல கமரா ஒன்று அனுப்புகிறேன் என்கிறான். கணவரோ, புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது, இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம் என்கிறார். எங்கள் கலியாணப் படம் உட்பட எல்லாப் படங்களும் 2009இல் போய்விட்டன. "அம்மா, நீங்கள் சின்னப்பிள்ளையாக இருந்த படம் எங்கே?" என்று மகன் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால் அவனைத் தடுக்க மனம் வரவில்லை. கமரா வாங்கிக் கொடுக்கலாமா? அவனை எப்படி ஊக்கப்படுத்துவது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள தாயாருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கமரா இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, தொலைபேசியில் இடம் போதாமை இருக்கிறது. மகன் எடுக்கும் படங்களை வீட்டில் யாராவது அவனோடு உட்கார்ந்து பார்க்கிறீர்களா என்பது மட்டும் இல்லை. நான் தொழிலால் ஒளிப்படக்காரன். பிள்ளைகளுக்கும் இந்தக் கலையைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்வதானால், ஏழு வயதுப் பிள்ளைக்குக் கமராவுக்கு முன்னதாகத் தேவைப்படுவது, அவன் எடுத்த படத்தை அவசரப்படாமல் பார்க்கும் ஒரு பெரியவர்தான். வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் அந்தக் கேள்வியின் பாரம் பாதி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரே பொருளை முப்பது தடவை எடுக்கிறான் என்பதைச் சற்றுச் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோழிக்கால் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். ஒன்றில் கால் மண்ணில் ஊன்றியிருக்கும். இன்னொன்றில் விரல்கள் மடங்கி மேலெழுந்திருக்கும். வேறொன்றில் கோழி போய்விட்டு, அது கிளறிய மண் மட்டும் இருக்கும். கோழி எப்படி நடக்கிறது என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். அத்துடன், அவனுடைய கண் நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் குனிந்து தேட வேண்டிய செருப்பும் கிணற்றுக்கட்டின் விளிம்பும் அவனுக்கு நேர்முன்னே இருக்கின்றன. "முழுக் கோழியையும் வடிவாக எடுக்கலாமே" என்று பெரியவர்கள் திருத்தத் தொடங்கும் நாளிலிருந்து, பிள்ளை தனக்காக எடுப்பதை விட்டுவிட்டு எங்களுக்காக எடுக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் ரோசாப்பூவும் சூரியன் மறைவதும்தான். அவற்றை எடுக்க ஊரில் ஏற்கெனவே போதிய ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே முதற்காரியமாக, வாரத்தில் ஒரு நாள், சமையலும் மற்ற வேலைகளும் முடிந்த ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அந்த வாரம் அவன் எடுத்தவற்றை அவனோடு சேர்ந்து பாருங்கள். அவற்றுள் ஐந்தே ஐந்தைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். தெரிவை அவனிடமே விட்டுவிடுங்கள்; உங்களுக்குப் பிடித்த படம் அந்த ஐந்துக்குள் வராவிட்டாலும் பரவாயில்லை. தெரிவு செய்யும்போது கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. இதை எடுக்கும்போது எங்கே நின்றாய்? இதற்கு முதல் என்ன நடந்தது? படத்துக்குள் வராமல் வெளியே நின்றது யார்? இந்த இரண்டில் இது ஏன் கூடப் பிடித்திருக்கிறது? முதலில் "சும்மா பிடிச்சிருக்கு" என்பான். சில வாரங்கள் சென்றதும், "இதில வெளிச்சம் ஒரு பக்கத்தாலதான் வருது" என்று அவனாகவே சொல்லத் தொடங்குவான். எல்லாப் படத்துக்கும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவது பாராட்டுப் போலத் தோன்றினாலும், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பதைப் பிள்ளை உடனே கண்டுகொள்ளும். படத்தில் நீங்கள் காண்பதைச் சொல்லுங்கள்: "செருப்பின் வார் அறுந்ததை அப்பப்பா நூலால் கட்டியிருக்கிறார், எனக்கு இது இவ்வளவு நாளும் தெரியாது" என்று ஒரு வசனம் போதும்.

மீதிப் படங்களை அவன் கையாலேயே அழிக்கட்டும். இடமில்லை என்பதற்காக அவனுக்குத் தெரியாமல் அழித்துவிடாதீர்கள்; உங்களுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றவற்றுள் எது அவனுக்கு முக்கியமானது என்று உங்களால் ஊகிக்க முடியாது. இப்போதைய தொலைபேசிகளில் 12 மெகாபிக்சல் படமொன்று சராசரியாக 3 அல்லது 4 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஒரு ஜிகாபைட்டில் 250 படங்களுக்கு மேல் அடங்கிவிடும். இடத்தைத் தின்பவை பெரும்பாலும் காணொளிகளும், வட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வந்து குவியும் வாழ்த்துப் படங்களும்தான். மகனின் கோழியைக் குறை சொல்லுமுன் அவற்றைத் துப்புரவாக்கிப் பாருங்கள்.

தெரிவான ஐந்திலிருந்து மாதத்துக்குச் சிலவற்றையேனும் கடதாசியில் அச்சிட்டுக் கொடுங்கள். திரையில் இருக்கும் படம் விரல் பட்டதும் நகர்ந்துவிடும். கையில் இருக்கும் படத்தைப் பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்க்கும், மற்றவருக்குக் கொண்டுபோய்க் காட்டும். நாலுக்கு ஆறு அங்குல அச்சுக்கு 1200க்கு 1800 புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தாலே தெளிவாக வரும் என்பதால், உங்களிடம் இருப்பது பழைய தொலைபேசியாக இருந்தாலும் அது இதற்குத் தாராளம். புதுக்குடியிருப்பிலோ கிளிநொச்சியிலோ உள்ள ஸ்ரூடியோவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதானால், சாதாரணப் படமாக அனுப்பும்போது அதன் தரம் குறைந்துவிடும். டொக்கியுமென்ட் என்ற வழியாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போய்ச்சேரும். வந்த படங்களைச் சித்திரக் கொப்பியில் மூலைகள் வைத்துச் செருகி, ஒவ்வொன்றின் கீழும் அவன் சொல்வதை, திருத்தாமல், அவன் சொல்லும் தமிழிலேயே நீங்கள் எழுதுங்கள். படத்தின் பின்புறத்தில் பேனையால் அழுத்தி எழுதினால் முன்புறத்தில் தழும்பு விழும். மாரியில் ஈரம் பட்டுப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி கொப்பியைப் பொலித்தீன் உறையில் வைத்தால் பல வருடங்களுக்கு இருக்கும்.

அடுத்ததைச் சற்றுத் தயக்கத்துடனேயே எழுதுகிறேன். 2008க்கும் 2009க்கும் இடையில் இடத்துக்கு இடம் பெயர்ந்தபோது, காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டுவரக்கூடிய குடும்பங்களே குறைவு. அல்பங்களை யார் சுமந்தார்கள்? வன்னியில் எத்தனையோ வீடுகளின் நிலை உங்கள் வீட்டின் நிலைதான். மகன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. படங்கள் இருந்தன, இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டன, அவற்றில் நான் இப்படி இருந்தேன் என்று அவனுடைய வயதுக்குத் தாங்கக்கூடிய அளவில் சொல்லுங்கள். பிள்ளைகள் அந்த உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள். பதில் சொல்லாமல் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. உங்கள் தம்பி கமரா அனுப்புமுன் செய்யக்கூடிய பெரிய உதவியும் ஒன்றுண்டு. கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் ஆகியவற்றின் பிரதிகளை அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்த உறவினர்களுக்குக் கடிதத்தோடு அனுப்பி வைப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. அவர்களுடைய வீடுகளில் இருக்கும் பழைய அல்பங்களைத் தேடி, உங்கள் முகம் உள்ளவற்றைப் படமெடுத்து அனுப்பும்படி தம்பியிடம் கேளுங்கள். ஒன்று கிடைத்தாலும் அது மகனுக்குக் கமராவைவிடப் பெரிய பரிசு.

ஆனால் தொலைந்த படங்களின் பாரத்தை மகனின் தோளில் ஏற்றிவிடாதீர்கள். அம்மம்மாவை எடுத்து வை, வீட்டை எடுத்து வை, பிறகு ஒருகாலம் இல்லாமல் போய்விடும் என்று சொல்லத் தொடங்கினால், அவனுடைய விளையாட்டு ஒரு குடும்பக் கடமையாக மாறிவிடும். ஏழு வயதில் அந்தக் கடமை அவனுக்குரியதன்று. குடும்பத்துக்குப் படங்கள் வேண்டுமென்ற ஆசை உங்களுடையது, நியாயமானது. ஆகவே அந்தப் படங்களை நீங்களே எடுங்கள். இந்த வயதில் எனக்கு என்ன கமரா என்று நினைக்க வேண்டாம். உலகம் இன்றும் போற்றும் ஒளிப்படக் கலைஞரான யூலியா மார்கரட் கமரன், மகளும் மருமகனும் கொடுத்த முதற் கமராவை 1863இல், தமது 48ஆவது வயதில்தான் கையில் எடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து வாழ்ந்து, 1879இல் இந்த மண்ணிலேயே காலமானவர் அவர். அம்மாவும் மகனும் ஒரே தொலைபேசியைக் கைமாற்றிக்கொண்டு, ஒரே முற்றத்தில் ஆளுக்குப் பத்துப் படம் எடுத்துப் பார்க்கும் ஒரு பின்னேரத்தில் அவன் கற்றுக்கொள்வது எந்த வகுப்பிலும் கிடைக்காது.

என்ன சொல்லிக் கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு இரண்டு பழக்கங்கள் போதும். எடுக்குமுன் தொலைபேசியின் வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பது ஒன்று. பிள்ளையின் விரலில் உள்ள எண்ணெயும் எங்கள் ஒழுங்கைகளின் செம்மண் புழுதியும் படிந்த வில்லையில் எந்தப் படமும் புகைமூட்டமாகத்தான் வரும். முழங்கைகளை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, அசையாமல் நின்று எடுப்பது மற்றது. படத்தை மூன்றாகப் பிரிப்பது, கோடுகளை எங்கே வைப்பது போன்ற விதிகளையெல்லாம் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு விட்டுவிடுங்கள். முகத்தை வெள்ளையாக்கும் செயலிகளைத் தொலைபேசியிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. தன் ஊர் மனிதரின் நிறம் திருத்தப்பட வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தை ஒரு பிள்ளைக்குக் கமராவின் வழியாக ஊட்டுவதைப் போன்ற தீங்கு வேறில்லை.

விதிகளுக்குப் பதிலாக வெளிச்சத்தோடு விளையாட விடுங்கள். அதற்கு எங்கள் வன்னியைப்போல வசதியான இடம் குறைவு. கிணற்றுக் கப்பியைக் காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஐந்து மணிக்கும் ஒரே இடத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். காலையில் நிழல் நீண்டு கிடக்கும்; நண்பகலில் சுருங்கிக் காலடிக்குள் வந்துவிடும். நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேலான இடத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் அநேகமாக நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அந்த நாட்களில் முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டு, நிழல் காணாமல் போவதை அவனே படமெடுக்கலாம். உச்சி வெயிலில் எடுத்த முகத்தில் கண்கள் கருங்குழிகளாகத் தெரிவதையும், அதே முகத்தை விறாந்தையின் ஓரத்தில் நிறுத்தி எடுத்தால் தெளிவாக வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அவன் அதை மறக்கமாட்டான்.

வீட்டிலோ கொட்டிலிலோ கிடுகு வேய்ந்த கூரை, அல்லது ஆணித் துளை விழுந்த தகரம் இருந்தால், அதனூடாக நிலத்தில் விழும் ஒளிப்பொட்டுகளை அவனுக்குக் காட்டுங்கள். துளை எந்த வடிவத்தில் இருந்தாலும், அது சிறியதாகவும் உயரத்திலும் இருந்தால், பொட்டு வட்டமாகவே விழும். ஏனென்றால் அது சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை வடக்கில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, மரங்களின் கீழே இந்தப் பொட்டுகள் பிறையாகத் தேய்ந்தது அதனாலேயே. இதே தத்துவத்தில் ஒரு கமராவை அவனே செய்யலாம். பால்மா ரின்னின் அடியில் மெல்லிய ஆணியால் ஒரு துளையிட்டு, திறந்த வாயில் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை இழுத்துக் கட்டி, தலையையும் ரின்னின் வாயையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு வெயில் விழும் முற்றத்தை நோக்கினால், பனைமரமும் வேலியும் தாளில் தலைகீழாகத் தெரியும். ஓர் அறையின் கதவு, யன்னல்களை முற்றாக மறைத்துவிட்டு, மறைப்பில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டால், முழுச் சுவரிலும் அந்தக் காட்சி விழும். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். படலையைத் திறந்துகொண்டு வரும் அப்பா சுவரில் தலைகீழாக நடந்து வருவதைக் கண்ட பிள்ளைக்கு, கமரா என்றால் என்னவென்று பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை. இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கமராப் படத்தை, 1826 அல்லது 1827இல், பிரான்சு நாட்டு நியெப்ஸ் தமது வீட்டு யன்னலிலிருந்து எடுப்பதற்குப் பல மணிநேரம் சென்றது என்பதையும் அந்த இருட்டறையிலேயே கதையாகச் சொல்லலாம். சூரியனை நேரே பார்க்கவோ, துளையின் வழியாகவோ கமராவின் கண்ணாடி வழியாகவோ நோக்கவோ கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். கண்ணுக்கு ஏற்படும் அந்தச் சேதம் ஆறாமலே போகலாம்.

உங்கள் கணவரின் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போவதற்கு ஐந்தாம் தரப் பரீட்சை எவ்வளவு பெரிய வாசல் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் பயப்படுவது தொலைபேசியின் விளையாட்டுகளுக்கும் காணொளிகளுக்குமாக இருந்தால், அவற்றைக் கமராவிலிருந்து பிரித்துவிடலாம். மகனிடம் கொடுக்கும்போது தொலைபேசியைப் பிளைட் மோட்டில் போட்டு, ஒரு செயலியை மட்டும் திறந்து பூட்டிவைக்கும் வசதியைப் பயன்படுத்திக் கமராவை மட்டும் திறந்து கொடுங்கள். சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் என்று நேரத்தை வரையறுங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே கூடுதல் நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏற்படும் வாய்ப்புக் குறைவு என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட விடயம். முற்றத்தில் கமராவோடு அலையும் பிள்ளையையும் மூலையில் இருந்து திரையைத் தேய்க்கும் பிள்ளையையும் ஒன்றாக எண்ண வேண்டாம். இன்னொன்று: தொண்ணூறு புள்ளி எடுத்தால் கமரா, குறைந்தால் பறிப்பு என்று பேரம் பேசாதீர்கள். அப்படிப் பேசினால் படிப்பு கூலி வேலையாகும், கமரா கூலியாகும். பிறகு இரண்டிலும் ருசி இராது.

பிள்ளைகளும் கமராவும் இன்று நேற்று சேர்ந்தவை அல்ல என்பதையும் அவருக்குச் சொல்லலாம். கொடக் நிறுவனம் 1900இல் பிரவுணி என்ற பெட்டிக் கமராவை ஒரு டொலருக்கு விற்றபோது, அதை வாங்க வேண்டியவர்கள் என்று விளம்பரப்படுத்தியது பிள்ளைகளைத்தான். 1894இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆன்றி லார்த்தீக் ஏழெட்டு வயதில் தந்தையார் கொடுத்த கமராவால் எடுத்தவை, மச்சான் மச்சாள்மார் பாய்வதும் ஓடுவதுமான வீட்டுப் படங்கள்தான். அவை 1963இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் தொங்கியபோது அவருக்கு 69 வயது. இதைச் சொல்வது உங்கள் மகனும் அப்படி வருவான் என்று ஆசை காட்டுவதற்காக அல்ல. அறுபது வருடம் யாருக்கும் காட்டாமல் விளையாடினாலும் குற்றமில்லை என்பதற்காக. உங்கள் கணவர் என்ன தொழில் செய்கிறார் என்று எழுதவில்லை. வயலோ, மேசன் வேலையோ, கடையோ, அலுவலகமோ, எதுவானாலும் ஒரு நாள் மகனை அங்கே கூட்டிச்சென்று தன் வேலையைப் படமெடுக்க விடச் சொல்லுங்கள். தகப்பனின் கையை மகன் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறான் என்று அந்தப் படங்களில் கண்டபின், அவருடைய எதிர்ப்புத் தானாகவே தணியக்கூடும்.

கவனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தும்பியையோ ஓணானையோ துரத்தும் பிள்ளையின் கண் திரையில் இருக்கும். கால் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. வேறு ஊர்களில் இதனால் முழங்கால்தான் உரசும். எங்கள் மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னமும் முற்றாக முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை உள்ள இடம், நாடா கட்டிய இடம், ஆட்கள் புழங்காத பற்றைக்காடு, கைவிடப்பட்ட பழைய வளவு, மண் அணை ஆகியவற்றுக்குள் படத்துக்காகக்கூடக் காலடி வைக்கக் கூடாது. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக் கூடாது; கண்டால் வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்; பெரியவர்கள் 119க்கு அழைத்துப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். பாடசாலையில் இதை அவனுக்குச் சொல்லியிருப்பார்கள் என்றாலும், கமராவோடு சேர்த்து நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். கட்டில்லாத கிணறுகளும், முதலை உள்ள குளங்களின் கரைகளும், யானை இறங்கும் பக்கங்களில் பொழுதுபட்ட நேரமும் இதே வரிசையில் வருகின்றன. நடந்துகொண்டு எடுப்பதில்லை, நின்றுதான் எடுப்பது என்ற ஒரே பழக்கம் இவற்றுள் பாதியைத் தடுத்துவிடும். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற பெருங்கூட்டத்தில் படமெடுக்க நின்ற பிள்ளை கைதவறிப் போகும். அங்கே கமரா உங்கள் கைப்பையில் இருக்கட்டும். இராணுவ முகாம், காவலரண், சோதனைச் சாவடி ஆகிய பக்கங்களுக்குத் தொலைபேசியைத் திருப்பக் கூடாது என்பதையும் காரணம் விரித்துரைக்காமல் ஒரு விதியாகச் சொல்லிவிடலாம்.

மனிதரை எடுப்பதில் இதைவிட நுணுக்கமான ஒழுக்கம் வேண்டும். கேட்டு எடுப்பது, எடுத்ததைக் காட்டுவது, வேண்டாம் என்றால் அவர்களுக்கு முன்னாலேயே அழித்துவிடுவது என்ற மூன்றையும் இப்போதிருந்தே பழக்குங்கள். கிணற்றடியில் குளிப்பவர்கள், செத்தவீடு, கோயில் மூலஸ்தானம், நோயாளி ஆகியோரும் அவ்விடங்களும் கேட்டு எடுக்கும் வரிசையில்கூட வருவதில்லை. எங்கள் ஊர்களில் கால் இழந்தவர், கை இழந்தவர், உடம்பில் தழும்போடு வாழ்பவர் பலர். அவர்களுடைய காயத்தைப் படமெடுக்க எத்தனையோ பேர் வெளியிலிருந்து வந்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எடுத்தவர்களுள் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தவர்கள் குறைவு. அந்தச் சலிப்புள்ள மண்ணில் ஒரு சின்னப் பிள்ளை, "மாமா, உங்களை ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டு நிற்பதும், அடுத்த மாதம் அச்சிட்ட படத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பதும் பெரிய காரியங்கள். அயலவரை எடுத்த நல்ல படங்களை இரண்டு பிரதி போடுங்கள். உங்களைப்போல அவர்களிடமும் பழைய படங்கள் இராது.

அவன் எடுத்தவற்றை முகநூலில் போட வேண்டாம் என்றே சொல்வேன். பாடசாலைச் சின்னம் தெரியும் சீருடை, வீட்டு வாசல், தொலைபேசி தானாகப் பதியும் இடக்குறிப்பு ஆகியவை சேர்ந்தால் ஒரு பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது; கமராவின் அமைப்புகளுக்குள் சென்று இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தன் படத்தை எடைபோடும் பழக்கம் ஏழு வயதில் தொடங்கினால், வாராவாரம் நீங்கள் அவனோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு மதிப்பில்லாமல் போய்விடும். மாமா, சித்திமாருக்குத் தனியாக அனுப்புவதில் தவறில்லை.

இனிக் கமரா. பொம்மைக் கமரா என்று விற்கப்படுபவற்றின் பெட்டியில் 40, 48 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும், உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் உணரி (சென்சர்) பெரும்பாலும் மிகச் சிறியதுதான். உங்கள் தொலைபேசியைவிட மங்கலான படமே கிடைக்கும். எடுத்தவுடன் சின்னத் தாளில் அச்சிட்டுத் தருபவற்றுள் பல, கடைப் பற்றுச்சீட்டுப் போன்ற வெப்பத்தாளைப் பயன்படுத்துகின்றன. எங்கள் வெக்கையில் அந்தப் படங்கள் மங்கிப் போய்விடும். படங்களை இழந்த வீட்டுக்கு அது வேண்டாம். வில்லை மாற்றும் பெரிய கமரா இந்த வயதுக்குப் பாரம். விலை கூடிய பொருளை உடைத்துவிடுவான் என்ற பயத்தில் நீங்கள் அலுமாரிக்குள் பூட்டி வைப்பீர்கள். சுண்டிக்குளத்துக்கு வரும் பூநாரைகளை எடுக்க வேண்டுமென்று அவன் கேட்கும் காலம் வரும்; 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. பறவை தொலைபேசியில் ஒரு புள்ளியாகத்தான் விழும், விரலால் பெரிதாக்கினால் புள்ளிதான் பெருக்கும் என்று அவனே கண்டு சலிக்கும்போது, தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் வில்லையுள்ள கமராவுக்கு உண்மையான தேவை பிறந்திருக்கும். அதுவரைக்கும் அப்படி உருப்பெருக்கும் வில்லை உள்ள எந்தக் கமராவும் ஆடம்பரமே.

ஆகவே தம்பியிடம், அவர் பாவித்து ஒதுக்கிய தொலைபேசி ஒன்று இருந்தால், சிம் அட்டை இல்லாமல், தடித்த இறப்பர் உறையும் மணிக்கட்டில் மாட்டும் வாரும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மனமில்லை, கமராதான் அனுப்புவேன் என்று அவர் நின்றால், சட்டைப்பைக்குள் அடங்கும் பாவித்த சிறிய டிஜிட்டல் கமரா ஒன்று, மேலதிக பற்றரி ஒன்று, நினைவக அட்டை இரண்டு ஆகியவை போதும். வைப்பதற்கு இறுக்கமான மூடியுள்ள டப்பாவும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்கள் சிலவும் கூட வரட்டும், இல்லாவிட்டால் மாரியில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். எது வந்தாலும் ஆறு மாதத்தில் அவனுடைய ஆசை பட்டத்துக்கோ மீன் தொட்டிக்கோ மாறிவிடவும் கூடும். அப்போது வாங்கித் தந்த காசைச் சொல்லிக் காட்டாமல், சித்திரக் கொப்பியை எடுத்து வைத்துவிட்டு, கமராவை நீங்கள் பாவியுங்கள்.